கடற்கரை ஊரில் பழைய சின்ன கார் வாங்குவது எப்படி: ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். மதுரையிலோ திருச்சியிலோ அது சரி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் வண்டி வாங்குகிறவர் முதலில் கீழே குனிந்து பார்க்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பிரித்துச் சரிசெய்ய மெக்கானிக் இருக்கிறார். உதிரிபாகம் மதுரையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்துவிடும். அடித்தகடு அரித்துப்போன வண்டிக்கு அப்படி எந்த வழியும் கிடையாது. வெல்டு வைக்க வைக்க பக்கத்தில் பிய்த்துக்கொண்டே போகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் துருவுக்குத்தான் பெரிய இடம். எஞ்சின், கியர் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உப்புக்காற்று செய்யும் வேலை

உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. தகட்டின் மேல் படிந்த உப்பு, மழையே இல்லாத மே மாதத்திலும் இரவானால் பிசுபிசுப்பாகிவிடும். அந்த ஈரம் போதும், இரும்பு அரிக்க. மற்ற ஊர்களில் மழை பெய்தால்தான் வண்டி நனைகிறது. இங்கே வீட்டு வாசலில் சும்மா நின்றாலே நனைகிறது.

நமக்குக் கடல் இரண்டு பக்கம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலிலிருந்து சாரல் வரும், சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும்போது தென்கடலிலிருந்து வரும். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் மூன்றுக்கும் இரண்டு பருவத்திலும் அடி உண்டு. தேவிபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் பாதி வருஷமாவது ஓய்வு. பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் வளர்ந்த வண்டிக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

இதிலிருந்து முதல் விதி: கடலோரத்தில் ஓட்டப்போகிற வண்டியைக் கடலோரத்தில் தேடாதீர்கள். பரமக்குடி, மதுரை, திண்டுக்கல் பக்கம் தேடுங்கள். நம்பர் பலகையில் டி.என். 65 என்றிருந்தால் ராமநாதபுரத்தில் பதிவான வண்டி, 58, 59, 64 என்றால் மதுரை, 63 என்றால் சிவகங்கை. ஆனால் அது எங்கே பதிவானது என்றுதான் சொல்லும், எங்கே நின்றது என்று சொல்லாது. மதுரை நம்பர் வண்டி எட்டு வருஷம் தங்கச்சிமடத்தில் நின்றிருக்கலாம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள், எந்த ஊரில் சர்வீஸ் விட்டார்கள் என்று அதில் இருக்கும்.

முதல் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 3 லட்சம் இருந்தால் வண்டிக்கு 2.5 லட்சத்தைத் தாண்டாதீர்கள். மீதியை உடனே தின்னும் செலவுகள் வரிசையில் நிற்கின்றன: நான்கு டயர் மாற்ற வேண்டிவந்தால் 15 ஆயிரம் அளவில் ஆகும், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், அப்புறம் அடிப்பாகத்துக்குப் பாதுகாப்பு.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. புது வண்டி விலை இறங்கியதால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். விற்கிறவர் மட்டும் தான் வாங்கிய பழைய விலையை வைத்தே கணக்குச் சொல்வார். இரண்டு மூன்று வருஷ வண்டியைப் பார்க்கிறீர்கள் என்றால், அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டுப் போங்கள். வித்தியாசம் ஐம்பது, அறுபதாயிரம்தான் என்றால் பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கே போகலாம்.

இரண்டாம் படி: எந்த மாடல்

இந்தக் கரையில் மாருதியைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஆல்டோ, வேகன் ஆர், செலேரியோ மூன்றில் எது கிடைத்தாலும் உதிரிபாகக் கவலை இல்லை. ஹூண்டாயில் ஐ10, கிராண்ட் ஐ10, சான்ட்ரோ. இவற்றில் ஏ.சி. நன்றாக இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது சின்ன விஷயமில்லை. கொஞ்சம் கனமான கட்டுமானம் வேண்டுமென்றால் டாடா டியாகோ. 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கிய வண்டி.

ஆல்டோவிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆல்டோ 800-இன் 796 சிசி எஞ்சினில் டைமிங் பெல்ட். கே10-இன் 998 சிசி எஞ்சினில் டைமிங் செயின். பெல்ட்டைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், விட்டால் ஒருநாள் நடுரோட்டில் நிறுத்திவிடும். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். என் ஓட்டு கே10-க்கு.

விலை குறைவாக இருக்கிறதே என்று மயங்கக்கூடாத வண்டிகளும் உண்டு. செவர்லே 2017-இன் இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022-இல் போனது. ஃபோர்டின் ஃபிகோ நல்ல வண்டிதான், ஓட்டிப் பார்த்தால் பிடித்துப்போகும். ஆனால் ஒரு கண்ணாடிக்கும் சென்சாருக்கும் மதுரைக்கு அலைய நேரமும் பொறுமையும் இருக்கிறவருக்குத்தான் அது.

வருஷத்தைப் பொறுத்தவரை, முடிந்தால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புது கார்களுக்கு, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக்கும் ரிவர்ஸ் சென்சாரும் கட்டாயம். இரண்டு முன் இருக்கைக்கும் ஏர்பேக் வேண்டுமென்றால் 2022 வண்டி. டீசல் சின்ன கார் நம் மாதிரி மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டாத வேலை.

மூன்றாம் படி: கீழே குனிவது

பகலில் போங்கள். டார்ச், துணி சுற்றிய ஒரு சின்ன காந்தம், பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சாக்கு, இவ்வளவு போதும். வண்டி கழுவித் துடைத்து எண்ணெய் பூசினாற்போல நின்றால் சந்தேகம் கூடட்டும்.

முதலில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு. கையை உள்பக்கம் விட்டு நெடுக விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே ஒரு ரூபாய் அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும், போன தகடு மந்தமாகக் கேட்கும். காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்விளிம்பு. மண்ணும் உப்பும் ஒன்றாகச் சேருமிடம் அது. கதவுகளைத் திறந்து அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துப்போனால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று அரித்துவிடும்.

உள்ளே தரை விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் குழியைப் பாருங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, விற்கிறவரும் சுத்தம் செய்ய மறந்த இடமாக இருக்கும். நம் கரைக்கே உரிய ஒரு விஷயமும் இங்கே தெரியும்: மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான், டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் போய் நின்றுவிடும். வாசனை அடிக்கும் மரச்சட்டமோ பாட்டிலோ டாஷ்போர்டில் தொங்கினால் அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் பத்து நிமிஷம் விட்டுத் திறவுங்கள். கருவாட்டு மணம் அப்படியெல்லாம் போகாது.

பானட்டைத் திறக்கும்போது எஞ்சினைப் பார்க்கும் முன் இரண்டு ஓரமும் பாருங்கள். சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் வந்து நிற்கும் வட்டமான இடம், பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டு, ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகடு. சஸ்பென்ஷன் முனையில் தகடு உரிந்திருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள், பேரமே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வண்டி பிடித்திருந்தால்தான் அடிப்பாகம். சாக்கு விரித்துப் படுத்துப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி, "அண்ணே, ஒரு வாட்டர் சர்வீஸ் போட்டுடுவோம், காசு நான் குடுக்குறேன்" என்று சொல்லி வண்டியைக் கூட்டிப்போவது. லிஃப்ட்டில் தூக்கியதும் நீங்களும் கீழே போய் நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் அடிக்க அடிக்கப் பக்கு பக்காக எது உதிர்கிறது என்று தெரியும். மறுக்கிற ஆளிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

அடியில் எல்லாத் துருவும் ஒன்றல்ல. சைலன்சர் மேலே செம்பழுப்பாக இருப்பது சாதாரணம், ஓட்டையானாலும் மாற்றிக்கொள்ளலாம். காலையில் பிரேக் டிஸ்க்கில் படர்ந்திருக்கும் துரு நான்கு முறை பிரேக் மிதித்தால் போய்விடும். நட்டு போல்ட்டில் இருப்பதும் பயப்படுகிற விஷயமில்லை. முன் ஃபெண்டரும் கதவும் போல்ட்டில் மாட்டியவை, அவற்றைக் கழற்றி வேறு மாட்டலாம். சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் துருவென்றால் விலையில் கழிக்கலாம். ஆனால் ரன்னிங் போர்டு, தரை, சேஸிஸ் கட்டை ஆகியவை பாடியோடு வெல்டு ஆனவை. இவற்றில் அடுக்கடுக்காக உரியும் துருவோ ஓட்டையோ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். பிரேக் பைப் தடித்து உரிந்திருந்தால் அதை மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

அடிப்பாகம் முழுக்க புதிதாகக் கறுப்பாக மின்னினால்? இந்த உரையாடல் நம் ஊர்களில் தினமும் நடக்கிறது.

"கீழ கோட்டிங் போன மாசம்தான் அடிச்சதுண்ணே. துரு வராம இருக்கட்டும்னு."

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குத் தம்பி அடிச்சீங்க?"

பதில் வராது. கோட்டிங் அடித்ததே தப்பில்லை. வாங்கிய புதிதில் அடித்த பில் இருந்தால் அது வண்டிக்குப் பெருமை. விற்பதற்கு முந்தின மாதம் அடித்தது மூடி மறைக்கத்தான். வேஸ்ட் ஆயிலை அடியில் தெளித்து வைக்கும் பழக்கமும் உண்டு. தகட்டுக்கு அது கொஞ்சம் காப்புதான், ஆனால் சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வந்த வெள்ளமும் நமக்குத் தெரியும். அந்த வண்டிகளில் பல துடைத்து எடுக்கப்பட்டு ஊர் மாறி விற்பனைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், கடைசி இரண்டு அடியில் மண் கறை நிற்கும். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பிடித்த முனைகள், ஹெட்லைட்டுக்குள் ஒரு நீர்க்கோடு. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் கிளம்பிவிடலாம்.

வெளிநாட்டுக்காரர் வண்டி

தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கங்களில் அடிக்கடி கேட்கிற வார்த்தை: "காக்கா (அண்ணன்) சவுதியில இருக்காரு, வந்தா மட்டும் எடுப்பாரு, பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு." பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால் ஓடாத வண்டி ஓடிய வண்டியைவிட நல்லது என்று எல்லோரும் நினைப்பதுதான்.

கடலுக்குப் பக்கத்தில் பத்து மாதம் அசையாமல் நின்ற காரில் பிரேக் பிடித்துக்கொள்ளும், கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும், டயர் ஒரே இடத்தில் அமுங்கி வடிவம் மாறும், எலி வயரைக் கடித்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தது என்றால் அதை வடித்துவிடுவது நல்லது. இந்த மாதிரி வண்டியில் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருஷத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3619 என்றால் 2019-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம். தரையில் பதியும் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியதென்றால் மாற்றத்தான் வேண்டும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

அதே சமயம், மூடிய கார் ஷெட்டில் நின்று, வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டிய வெளிநாட்டுக்காரர் வண்டி கிடைத்தால் அதைவிட நல்ல வண்டி இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

நான்காம் படி: எஞ்சினும் ஓட்டமும்

போகும் முன்பே, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது இந்த ஊரில் மிக முக்கியம். கூலன்ட் தெளிவான பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் நல்லது. செங்கல் நிறத்தில் கலங்கியிருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் நிலத்தடித் தண்ணீர் உவர்ப்பு, அது ரேடியேட்டருக்குள் உப்பைப் படிய வைத்து எஞ்சினின் உள்வழிகளையும் அரிக்கும். வெளியே பளபளவென்று வைத்திருந்தாலும் இந்த ஒரு மூடி உண்மையைச் சொல்லிவிடும்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் அதை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஏ.சி.யை மதியம் பன்னிரண்டு மணிக்கு, வண்டி நிற்கும்போது சோதியுங்கள், ஓடும்போது எல்லா ஏ.சி.யும் குளிரும். முன் கிரில்லுக்குப் பின்னாலுள்ள கண்டென்ஸரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தால் உப்புக்காற்று வேலையை முடித்துவிட்டது, மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் வரும்.

ஓட்டிப் பார்ப்பதைப் பாம்பன் பாலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பக்கக்காற்றே ஸ்டீயரிங்கை இழுக்கும், வண்டியின் குறையா காற்றா என்று தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆள் இல்லாத நேரான பகுதியில் 60-இல் கையைத் தளர்த்திப் பாருங்கள். அப்புறம் ஏதாவது ஊருக்குள் போய் நான்கைந்து வேகத்தடை ஏற்றி இறக்குங்கள், கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு. 'டொக்' சத்தம் வந்தால் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள், எஞ்சின் கத்தி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

ஐந்தாம் படி: காகிதம்

முன்பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். டாக்ஸியாக ஓடி வெள்ளை பலகைக்கு மாறிய வண்டியா என்று ஆர்.சி.யில் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றி ஓடிய வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் சொல்வதைவிட அதிகம் இருக்க வாய்ப்புண்டு.

எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். கடலோர வண்டிகளில் சேஸிஸ் எண் அடித்த இடமே துருவில் மங்கியிருக்கும். பெயர் மாற்றும்போது அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கச் சொல்வார்கள். எழுத்து எழும்பவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு விற்கிறவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். கடன் முடிந்த வண்டியென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35-உம் வேண்டும். காரைக்கால், புதுச்சேரி வண்டி மலிவாக வரும், ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்துக் கூட்டினால் மலிவு காணாமல் போகும். 15 வருஷம் முடியப்போகிற வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும், அதற்கு முன் வண்டியைத் தேற்றும் செலவையும் சேர்த்து எண்ணுங்கள். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பழையவருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அது வண்டியோடு வராது. அவருடைய ஃபாஸ்டேக்கை எடுத்துவிட்டு உங்களுடையதை ஒட்டுங்கள். இல்லையென்றால் போகலூர் சுங்கச்சாவடியில் நீங்கள் போவதும் வருவதும் அவருக்கு மெசேஜாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: விலை பேசுவது

"டாக்டர் ஓட்டுன வண்டி", "டீச்சர் ஓட்டுன வண்டி" என்பதற்கெல்லாம் காசு கிடையாது. நீங்கள் கண்ட குறைகளை ஒரு தாளில் செலவோடு எழுதி முன்னால் வையுங்கள். டயர் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு, லோயர் ஆர்ம் இவ்வளவு. வாயால் குறைத்துக் கேட்டால் புரோக்கர் சிரிப்பார், தாளைப் பார்த்தால் யோசிப்பார். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், விற்கிறவர் சொன்ன மெக்கானிக்கை வேண்டாம்.

வாங்கிய முதல் வாரம்

ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றுங்கள். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, இருக்கும் துருவைச் சுரண்டி பிரைமர் வைத்த பிறகே கோட்டிங் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துத் தைத்த கதைதான். ரன்னிங் போர்டுக்கும் கதவுக்கும் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். கோட்டிங் அடிக்கிறவர் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டாரா என்று கூட நின்று பாருங்கள்.

வாரம் ஒருமுறை கழுவுங்கள். வீட்டில் வருவது உவர் தண்ணீர் என்றால் கடைசி வாளியாவது காவிரிக் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். தனுஷ்கோடிக்குப் போய்வந்தால் அன்றைக்கே அடியில் தண்ணீர் அடியுங்கள், அரிச்சல்முனை மணலில் மட்டும் இறக்காதீர்கள். வாடை முடிந்ததும் ஒரு வாட்டர் சர்வீஸ் தவறாமல். கவர் போட்டு மூடுகிறவர்கள், வண்டி காய்ந்த பிறகு மூடுங்கள், வாரத்தில் இரண்டு நாளாவது கவரைக் கழற்றி வையுங்கள். ஈரத்தோடு மூடிய கவருக்கு அடியில் ஒரே வாடைக்காலத்தில் கூரை பொரிந்துவிடும்.